பழைய வண்டிக்கு இன்னொரு பழைய எஞ்சின்

ஓமலூர்ல மேச்சேரி ரோட்டிலோ தாரமங்கலம் ரோட்டிலோ பத்து நிமிஷம் நின்னா ஒரு டாடா 207 கண்டிப்பா கடந்து போகும். குச்சிக்கிழங்கு, தேங்காய், சிமெண்ட், மாட்டுத் தீவனம், சில நாள் கல்யாண வீட்டுப் பாத்திரம். கம்பெனி அதுக்கப்புறம் ஸீனான், யோதா என்று எங்கேயோ போயாச்சு. ஆனா நம்ம ஊர்ல 207 இன்னும் ஓடுது. ஓட்டுறவங்க பெரும்பாலும் ஒரே ஒரு வண்டி வச்சிருக்கிற ஆட்கள். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. வண்டி நின்னா அன்னிக்கு வீட்டுல வருமானம் நின்னுடும்.

இந்த மாதிரி வண்டியில சேஸிஸ் நல்லா இருக்கும், கியர் பாக்ஸ் ஓடும், பாடிக்கு வெல்டிங் அடிச்சிக்கலாம். முதல்ல உயிரை விடுறது எஞ்சின்தான். அப்போ என்ன பண்றது? புது எஞ்சின் வாங்குற விலைக்கு வண்டியே போகாது. அதனால பட்டறையில பேசுற வழி மூணு. இருக்கிற எஞ்சினையே பிரிச்சு வேலை பார்க்கிறது. "ஹாஃப் எஞ்சின்", அதாவது ஹெட், பம்ப் எல்லாம் நம்மளது, பிளாக்கும் கிராங்கும் மட்டும் வெளியில இருந்து வாங்குறது. இல்லைன்னா உடைச்ச வண்டியில இருந்து ஒரு முழு எஞ்சினை வாங்கி அப்படியே இறக்குறது. இந்தக் கட்டுரை மூணாவதைப் பத்தி. நாலு வருஷம் நாம படிச்ச தெர்மோடைனமிக்ஸ், ஐசி எஞ்சின், மெஷின் டிசைன் எல்லாமே இந்த ஒரு வேலைக்குள்ள இருக்கு, அதனால எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒரு விஷயம். மூணாவது வழிதான் எப்பவும் சீப் என்று நினைக்க வேண்டாம். லைனர், பிஸ்டன், ரிங் மட்டும் தேய்ஞ்சிருந்தா சொந்த எஞ்சினை வேலை பார்க்கிறதுதான் நல்லது. என்ன மாத்தினோம், என்ன மாத்தலைன்னு நமக்கே தெரியும். கிராங்க் உடைஞ்சுபோச்சு, கனெக்டிங் ராடு பிளாக்கைக் குத்தி வெளியே வந்துடுச்சு, பிளாக் வெடிச்சிருக்கு, இந்த மாதிரி நிலைமையிலதான் வேற எஞ்சின் தேடணும். இன்னொரு காரணம் நேரம். கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, பம்ப் கடைன்னு ஒவ்வொண்ணா சேலத்துக்கு அனுப்பி வாங்கினா நாள் ஓடிடும். முழு எஞ்சின் கையில இருந்தா ரெண்டு மூணு நாள்ல வண்டி ரோட்டுக்கு வந்துடும். கிழங்கு சீசன்ல அந்த நாட்களுக்கு விலை இருக்கு.

எந்த எஞ்சின்?

207 டிஐ-ல இருக்கிறது டாடாவோட 497 குடும்பத்து எஞ்சின். இந்த நம்பரை பட்டறையில எல்லாரும் சொல்றாங்க, ஆனா அதுக்குள்ளேயே விவரம் இருக்கிறது பல பேருக்குத் தெரியாது. முதல் எண் சிலிண்டர் எண்ணிக்கை, மீதி ரெண்டும் போர் அளவு மில்லிமீட்டர்ல. 497 என்றால் 4 சிலிண்டர், 97 மிமீ போர். ஸ்ட்ரோக் 100 மிமீ. கணக்குப் போட்டுப் பாருங்க: 9.7 செமீ விட்டத்துக்குப் பரப்பு 73.9 சதுர செமீ, அதை 10 செமீ ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 4 சிலிண்டருக்கும் சேர்த்தா 2956 சிசி. ஆர்சி புக்ல அச்சடிச்சிருக்கிற அதே எண்! அதே மாதிரி டாடாமொபைல், சியாரா வண்டிகள்ல வந்தது 483. 4 சிலிண்டர், 83 மிமீ போர், 90 மிமீ ஸ்ட்ரோக், 1948 சிசி. பெரிய லாரிகள்ல வந்த 697, 6 சிலிண்டர், 97 மிமீ போர், ஸ்ட்ரோக் மட்டும் 128, அதனால 5675 சிசி. முதல் வருஷ மாணவன் கூட இதைச் சரிபார்க்கலாம்.

இது ஏன் முக்கியம்? 1986-ல் வந்த டாடா 407-லயும் இதே 497 குடும்பம்தான். அதனால உடைக்கிற இடத்துல "407 எஞ்சின் இருக்கு, 207-க்கு அப்படியே உட்காரும்"னு சொல்வாங்க. பிளாக் ஒரே குடும்பம் என்பது உண்மை. "அப்படியே" என்ற வார்த்தையைத்தான் நம்பக்கூடாது. எஞ்சின் மவுண்ட் பிராக்கெட், சம்ப் வடிவம், பிளைவீல், கிளட்ச் அளவு, ஃபேன் இருக்கிற தூரம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் எந்தப் பக்கம் வளையுது, இதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறலாம். பழைய எஞ்சினை இறக்கி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு டேப் பிடிச்சு அளந்து பார்க்கிறதுதான் ஒரே வழி. வாங்குறதுக்கு முன்னாடியே அளவு எடுத்துட்டுப் போகணும்.

சில பேருக்கு டர்போ வச்ச எஞ்சின் மேல ஆசை வரும். இழுவை கூடும்தான். ஆனா டார்க் கூடினா கிளட்ச், கியர் பாக்ஸ், கிரவுன் பினியன் எல்லாம் அந்தச் சுமையை வாங்கணும். வெப்பம் கூடினா ரேடியேட்டர் தாங்கணும். ஒரு இடத்துல பலம் சேர்த்தா அடுத்த பலவீனமான இடம் உடையும். அதோட சட்டப்படியும் அது வேற எஞ்சின். அதைப் பின்னாடி சொல்றேன்.

மத்தியானம் ஸ்டார்ட் ஆகிற எஞ்சினை நம்பாதீங்க

சென்னையில புதுப்பேட்டை, நம்ம பக்கம் லாரி உடைக்கிற யார்டுகள். எங்கே போனாலும் எஞ்சினை ஒரு இரும்பு ஸ்டாண்டு மேல வச்சு, கேன்ல டீசல் டியூப் மாட்டி, பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவாங்க. டக்குன்னு பிடிக்கும். வாங்க வந்தவர் முகம் மலர்ந்துடும். இங்கதான் நம்ம பாடம் வேலைக்கு வருது.

டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் கிடையாது, காற்றை அழுத்திச் சூடாக்கி அதுல டீசலைத் தெளிக்கிறோம். அடியாபாடிக் அழுத்தத்துல கடைசி வெப்பநிலை, ஆரம்ப வெப்பநிலையை (கெல்வின்ல) கம்ப்ரஷன் ரேஷியோவோட 0.4 அடுக்கால் பெருக்கினா வரும். ரேஷியோ 17 என்று வச்சுக்குவோம். 17-இன் 0.4 அடுக்கு சுமார் 3.1. ஏப்ரல் மத்தியானம் காற்று 40 டிகிரி, அதாவது 313 கெல்வின். பெருக்கினா 972 கெல்வின், கிட்டத்தட்ட 700 டிகிரி செல்சியஸ். இப்போ ரிங் தேய்ஞ்ச ஒரு எஞ்சின். காற்று கசியுது, அதனால ரேஷியோ 12 மாதிரிதான் வேலை செய்யுதுன்னு எடுத்துக்குவோம். அதே 40 டிகிரியில கணக்கு 573 டிகிரி தருது. டீசல் தானா பற்றிக்க ஆய்வகத்துல 210-250 டிகிரி போதும், அதனால இந்தத் தேய்ஞ்ச எஞ்சினும் மத்தியானம் பிடிச்சுக்கும்.

இதே எஞ்சினை ஏற்காட்டுல மார்கழி விடியக்காலை 12 டிகிரியில வச்சுப் பாருங்க. 285 கெல்வினை 2.7-ஆல் பெருக்கினா 770 கெல்வின், 497 டிகிரிதான். (ஆமாம், 497. தற்செயல்தான்!) பேப்பர்ல இதுவும் போதுமே என்று கேட்கலாம். பேப்பர்ல பிளாக்குக்கு வெப்பம் போறதில்ல. நிஜத்துல ஸ்டார்ட்டர் சுத்துறப்போ எஞ்சின் வேகம் ரொம்பக் குறைவு. காற்று கசியவும், குளிர்ந்த இரும்புக்கு வெப்பத்தைக் கொடுக்கவும் நிறைய நேரம் இருக்கு. டீசல் பற்றிக்கவோ சில மில்லிசெகண்டுதான் கிடைக்கும். கணக்குல வர்றதை விட நிஜ வெப்பம் ரொம்பக் கீழ இருக்கும். அதனாலதான் காலையில வெள்ளைப் புகை தள்ளிக்கிட்டு, பேட்டரி இறங்கற வரைக்கும் சுத்தியும் பிடிக்காது. வெள்ளைப் புகை என்பது பற்றாத டீசல்.

ஆக, எஞ்சின் வாங்கப் போறவர் விடியக்காலையில போகணும். போன உடனே பிளாக் மேல கை வைக்கணும். சூடா இருந்தா, நமக்காக முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். டீ குடிச்சிட்டு, ஆறட்டும்னு காத்திருக்கலாம். ஈத்தர் ஸ்பிரே அடிச்சு ஸ்டார்ட் பண்ணினா அது சோதனையே இல்ல.

ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டிப் பார்ப்பாங்க. கொஞ்சம் ஆவி வந்தா பரவாயில்ல. ரயில் எஞ்சின் மாதிரி குபுகுபுன்னு தள்ளினா அதுதான் பட்டறை மொழியில "பேக் கம்ப்ரஷன்". எரியும் வாயு ரிங்கைத் தாண்டி கீழே வருது. இதைவிட நல்லது கேஜ். நாசிலைக் கழட்டி அந்த ஓட்டையில டீசல் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி ஸ்டார்ட்டரைச் சுத்தினா, நல்ல நிலைமையில இருக்கிற டீசல் எஞ்சின்கள் பொதுவா 25-30 பார் அளவு காட்டும். சூத்திரத்துல 17-இன் 1.4 அடுக்கு, 52 பார் வரணுமேன்னு நமக்குத் தோணும். இன்டேக் வால்வ் பிடிசி தாண்டித்தான் மூடுது, மெதுவா சுத்துறப்போ கசிவும் வெப்ப இழப்பும் இருக்கு, அதனால பாதிதான் வரும். பரீட்சையில யாரும் இதைக் கேட்க மாட்டாங்க, பட்டறையில கேட்பாங்க. முக்கியமா நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கணும். நாலும் கொஞ்சம் குறைவா இருந்தா அது வயசு. மூணு நல்லா இருந்து ஒண்ணு மட்டும் விழுந்திருந்தா ஏதோ உடைஞ்சிருக்கு. அந்த சிலிண்டர்ல கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பச் சுத்தினா, அழுத்தம் ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். ஆயில் நிறைய விடாதீங்க, டீசல் எஞ்சின்ல கம்பஷன் இடம் ரொம்பச் சின்னது, ஹைட்ரோ லாக் ஆகி ராடு வளையும்.

மற்றதை வேகமா சொல்லிடுறேன். டிப் ஸ்டிக்ல ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு, திரும்பிப் பார்க்காம வந்துடலாம். கிராங்க் புல்லியை முன்னும் பின்னும் நெம்பிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியிற ஆட்டம் இருந்தா த்ரஸ்ட் பேரிங் போச்சு. சம்பைக் கழட்டவிட்டா ஒரு பிக் எண்ட் பேரிங்கையாவது பார்க்கணும். கழட்டவிட மாட்டாங்க, கேட்டுப் பாருங்க. டீசல் பம்ப் நம்ம வண்டியில இருக்கிற வகைதானா, இன்லைனா ரோட்டரியான்னு பார்க்கணும். பழைய ஆட்கள் எல்லாப் பம்பையும் "மைக்கோ பம்ப்" என்பாங்க. 1951-ல் தொடங்கின மைக்கோ கம்பெனி 2008-ல் பாஷ் என்று பேர் மாத்தியும் பட்டறையில மாறலை.

நம்பர்

இது மெக்கானிக்கல் விஷயம் இல்ல, ஆனா பாதி பேர் மாட்டுறது இங்கதான். பிளாக்ல எஞ்சின் நம்பர் குத்தியிருக்கும், அதே நம்பர் ஆர்சி-யில இருக்கும். எஞ்சினை மாத்தினா ரெண்டும் வேற வேற. சரக்கு வண்டிக்கு 8 வயசு தாண்டிட்டா எஃப்சி வருஷா வருஷம். பழைய 207 எல்லாமே இந்தக் கணக்குலதான் வரும். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் தூக்கி நம்பரைப் பார்க்கிற அன்னிக்கு வண்டி நின்னுடும். எஃப்சி இல்லாம ஓட்டி ஏதாவது விபத்து ஆனா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல அதைத்தான் கேட்பாங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைப் பத்திச் சொல்லுது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கேரளாவில் இருந்து போன ஒரு வழக்குல இதையே உறுதி பண்ணிச்சு. 207-ல டர்போ எஞ்சினோ வேற கம்பெனி எஞ்சினோ போடுறது இதுலதான் அடிபடும். பிரிவு 182ஏ-படி அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாசம் வரை சிறை, இல்லைன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

அதே மேக், அதே டைப் எஞ்சினை மாத்துறதுக்கு வழி இருக்கு. பிரிவு 52-ல எனக்குப் புரியாத ஒரு நியாயம் உண்டு: 10 டிரான்ஸ்போர்ட் வண்டிக்குக் குறையாம வச்சிருக்கிறவங்களுக்கு, முன் அனுமதி இல்லாமலே அதே வகை எஞ்சினை மாத்திக்க மாநில அரசு அறிவிப்பு மூலமா அதிகாரம் கொடுக்கலாம். மாத்தி 14 நாளுக்குள்ள ஆர்டிஓ-வுக்குத் தெரிவிச்சா போதும். ஒரே ஒரு 207 வச்சிருக்கிற ஓமலூர் அண்ணன் முதல்ல அனுமதி வாங்கணும், அப்புறம் மாத்தணும், அப்புறம் வண்டியைக் காட்டி ஆர்சி-யில புது நம்பர் ஏத்தணும். யாருக்கு ஒரு நாள் நின்னா அடுப்பு எரியாதோ அவருக்குத்தான் அலைச்சல் ஜாஸ்தி. ஆனாலும் அலையத்தான் வேணும். வண்டி மேல ஃபைனான்ஸ் இருந்தா அவங்க எழுத்துல சம்மதமும் வாங்கிக்கிறது நல்லது.

ஒரு யார்டுல எஞ்சின் பார்க்கப் போனப்போ, பில் கேட்டதுக்கு கடைக்காரர் ரொம்ப இயல்பா, "பில்லு எதுக்குங்க? உங்க ஆர்சி நம்பர் சொல்லுங்க, அதையே இதுல குத்திக் குடுத்துடறோம்"னு சொன்னார். எங்க கூட வந்த மெக்கானிக் அண்ணன் எஞ்சினைத் திரும்பக்கூடப் பார்க்கலை. "வா தம்பி போலாம்"னு கிளம்பிட்டார். வழியில கேட்டேன். "நம்பர அழிக்க வேண்டிய அவசியம் யாருக்கு வரும்? அத மட்டும் யோசி"ன்னார். வண்டி ஓனர் அண்ணனுக்கு மனசே இல்ல, ஏன்னா விலை அவ்வளவு குறைவு. ஆனா திருட்டு வண்டி எஞ்சின்னா போலீஸ் எஞ்சினையும் எடுத்துக்கும், வாங்கினவர் மேல திருட்டுப் பொருள் வாங்கின வழக்கும் வரலாம். முன்பு ஐபிசி 411, இப்போ பிஎன்எஸ் 317. அதனால வாங்கும்போது பில், அந்த எஞ்சின் இருந்த வண்டியோட ஆர்சி நகல் அல்லது பதிவு ரத்துச் சான்று, கடைக்காரர் அடையாள நகல் எல்லாம் வேணும். நம்பர் குத்தின இடத்தை டீசல் தொட்டுத் துடைச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. சுத்தி இருக்கிற வார்ப்பு சொரசொரன்னு இருந்து, நம்பர் இருக்கிற இடத்துல மட்டும் கிரைண்டர் கோடு இருந்தா கிளம்பிடுங்க.

இறக்கி ஏத்துறது

பழைய எஞ்சினைக் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுங்க. ஒயர், ஹோஸ், கேபிள், பிராக்கெட் எல்லாம். ஒவ்வொரு ஒயர்லயும் பேப்பர் டேப் ஒட்டி எழுதுங்க. பேட்டரி கழட்டி, தண்ணி, ஆயில் வடிச்சு, ரேடியேட்டரை எடுத்தா இடம் கிடைக்கும். செயின் பிளாக்கை மாட்டுற இரும்பு முக்காலி உறுதியா இருக்கணும். தொங்குற எஞ்சினுக்கு அடியில யாரும் கையையோ காலையோ வைக்கக்கூடாது. கியர் பாக்ஸுக்கு அடியில ஜாக்கி கொடுக்காம எஞ்சினை இழுத்தா, மொத்த எடையும் இன்புட் ஷாஃப்ட்ல தொங்கும். கிளட்ச் பிளேட்டோட ஹப் வளைஞ்சிடும், அப்புறம் கிளட்ச் நடுங்குதுன்னு தலையைச் சொறியணும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போது மாத்த வேண்டியதை மாத்திடணும். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பிளைவீல் நடுவுல இருக்கிற பைலட் பேரிங், கிராங்கோட பின்பக்க ஆயில் சீல், தண்ணி பம்ப், தெர்மோஸ்டாட். பைலட் பேரிங் சின்னதா இருக்கும், விலையும் கம்மி. அது போனா திரும்ப கியர் பாக்ஸை இறக்கணும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போடுற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, "வெயிலுக்கு எதுக்கு அது"ன்னு. எஞ்சின் சரியான சூட்டுக்கே வராம ஓடினா டீசல் சரியா எரியாது, லைனர் சீக்கிரம் தேயும். போடுங்க.

இப்போ நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற இடம்: பிரேக். பெட்ரோல் எஞ்சின்ல த்ராட்டில் இருக்கிறதால இன்டேக்ல வேக்கம் கிடைக்கும், பிரேக் பூஸ்டர் அதை எடுத்துக்கும். டீசல்ல த்ராட்டில் இல்ல, வேக்கம் இல்ல. அதனால இந்த அளவு டீசல் வண்டிகள் பலதுல தனியா ஒரு வேக்கம் பம்ப் இருக்கும், நிறைய நேரம் டைனமோவோட பின்பக்கம் ஒட்டிக்கிட்டு. உடைச்ச எஞ்சினோட வர்ற டைனமோவுல அந்தப் பம்ப் இல்லாம இருக்கலாம், இருந்தும் வேலை செய்யாம இருக்கலாம். எஞ்சின் ஜோரா ஓடும். பூஸ்டர் மட்டும் வெறுமையா இருக்கும். பெடல் கல்லு மாதிரி ஆகிடும். காலி வண்டியில, பட்டறை வாசல்ல இது தெரியவே தெரியாது. லோடு ஏத்தி தொப்பூர் கணவாய் இறக்கத்துல வரும்போது தெரியும். அந்த இறக்கத்துல எத்தனை விபத்துன்னு சேலம், தருமபுரிக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சோதனை சுலபம்: எஞ்சினை நிறுத்தி பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு வேக்கத்தைக் காலி பண்ணுங்க. பெடலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் தானா கொஞ்சம் கீழே இறங்கணும். இறங்கலைன்னா வண்டி பட்டறையை விட்டு வெளியே போகக்கூடாது.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடிச்சு, டீசல் போகாம ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுத்தி, ஆயில் பிரஷர் ஏறுதான்னு பார்க்கணும். மாசக்கணக்குல சும்மா கிடந்த எஞ்சின்ல பேரிங் காய்ஞ்சிருக்கும். அப்புறம் பிரைமரை அடிச்சு லைன்ல ஏர் எடுக்கணும், முதல்ல ஃபில்டர், அப்புறம் பம்ப், கடைசியா நாசில் பைப் நட்டு. ஏர் ஏன் பிரச்சினை? டீசல் கிட்டத்தட்ட அமுங்காது, காற்று அமுங்கும். பம்ப் கொடுக்கிற தள்ளல் முழுக்கக் காற்றை அமுக்கவே போயிடும், நாசில் திறக்கிற அழுத்தம் வராது.

முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு ஆள் ஏர் கிளீனர் ஹோஸ் கழட்டின இன்டேக் பக்கத்துல ஒரு கனமான பலகையோட நிக்கணும். பம்ப் ராக் சிக்கிக்கிட்டாலோ, ரிங் வழியா ஆயில் மேல ஏறி எரிஞ்சாலோ டீசல் எஞ்சின் தறிகெட்டு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிக்காது. காற்றை அடைச்சாதான் நிக்கும். கையை வச்சு அடைக்கக்கூடாது, இழுத்துடும்.

எங்க கேஸ்ல அந்த அண்ணன் கடைசியா வாங்கினது, பேப்பரோட இருந்த, விலை கொஞ்சம் கூடின 497. நாலு சிலிண்டரும் 24-ல இருந்து 26 பாருக்குள்ள காட்டுச்சு. காலி வண்டியா தாரமங்கலம் வரை, அப்புறம் பாதி லோடுல தொப்பூர் ஏத்தம். மேல போய் நிறுத்தி டெம்பரேச்சர் முள், ஆயில் பிரஷர், ஹோஸ் கிளாம்ப், பின் சீல் கசிவு எல்லாம் பார்த்தோம். ஒரு ஹோஸ் மட்டும் வேர்த்திருந்தது, கிளாம்பை இறுக்கினதோட சரி. கரும்புகை இல்ல. எஃப்சி-க்குப் புகை சோதனையில பிஎஸ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் தான் எல்லை, அதுக்குக் கீழதான் வரும்னு மெக்கானிக் அண்ணன் சொன்னார். முதல் 500 கிலோமீட்டர்ல ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும், ஏன்னா பழைய எஞ்சின்ல ஊறிக் கிடந்த கசடெல்லாம் அப்போதான் கரைஞ்சு வரும். ஆர்சி-யில புது நம்பர் ஏறின அடுத்த நாள் வண்டி கிழங்கு லோடுக்குப் போயிடுச்சு.